சொப்பு விளையாட்டும் சுயமரியாதையும்

(புதுச்சேரியில் சிறு பிள்ளைகளின் பெற்றோர் முன்னிலையில் பேசியது)



இன்று நாம் பேசப் போகும் விஷயம் சிறு பிள்ளைகளின் வேஷ விளையாட்டு. அதாவது 2 வயது முதல் 6, 7 வயது வரையில் உள்ள குழந்தைகள் தங்களை அப்பாவாகவும் அம்மாவாகவும், டாக்டராகவும் நோயாளியாகவும், வாத்தியாராகவும் மாணாக்கராகவும், மீன்காரம்மாவாகவும் மீன் வாங்குகிறவராகவும் வைத்துக் கொண்டு ஆடுகிற ஆட்டம். "இதற்கும் ஒரு கூட்டமா? இதற்கும் ஒரு சொற்பொழிவா?" என்று உங்களில் சிலருக்குத் தோன்றலாம். அப்படித் தோன்றுவதில் ஆச்சரியமில்லை. விளையாட்டு என்றாலே வேலையற்றவர் காரியம் என்று சொல்லிச் சொல்லியே வளர்க்கப்பட்டவர்கள் நாம். ஆனால் ஒரு மனிதன் தன்னை விட மேலானவன் என்று எண்ணுகிறவனுக்கு முன் கைகட்டி நிற்பதையும், தனக்குக் கீழானவன் என்று எண்ணுகிறவனை அதட்டுவதையும் எங்கே முதன்முதலில் ஒத்திகை பார்த்தான் என்று தேடிக்கொண்டு போனால், அது அவன் வீட்டுத் திண்ணையில் ஆடிய சொப்பு விளையாட்டில் போய்த்தான் நிற்கும். ஆகவே இது சின்னப் பிள்ளைகளின் விஷயமே தவிர, சின்ன விஷயமல்ல.

முதலாவது, இந்த விளையாட்டில் என்னதான் நடக்கிறது என்று பார்ப்போம். ஒன்றரை வயதுக் குழந்தை வெறும் டம்ளரை எடுத்து வாயில் வைத்துக் குடிப்பது போலச் செய்து நம்மைப் பார்த்துச் சிரிக்கிறது. 2 வயதில் அதே டம்ளரைப் பொம்மையின் வாயில் வைக்கிறது. 3 வயதில் தானே அம்மாவாகி, "சாப்பிடாவிட்டால் அடிப்பேன்" என்று பொம்மையை மிரட்டுகிறது. 4, 5 வயதிலோ நாலு பிள்ளைகள் கூடி, "நீ டாக்டர், நான் நர்சு, இவன் காய்ச்சல்காரன்" என்று பேசி முடிவு செய்து கொள்கின்றன. நடுவில் டாக்டர் அழுதால், "டாக்டர் அழக்கூடாது" என்று சட்டம் பேசுகின்றன. சிவப்புக் காகிதத்தை மடித்துத் தலையில் கவிழ்த்துக் கொண்டால் அவன் நமது புதுச்சேரிப் போலீசுக்காரன் ஆகிவிடுகிறான். கொட்டாங்கச்சி சட்டியாகிறது; மணல் சோறாகிறது; குச்சி குதிரையாகிறது.

இதிலே ஒரு பெரிய அறிவு வேலை நடக்கிறது. குச்சி குதிரை அல்ல என்பது குழந்தைக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும், இப்போதைக்கு இது குதிரையைக் குறிக்கும் என்று வைத்துக் கொள்கிறது. ஒரு பொருள் வேறொரு பொருளைக் குறிக்கும் என்று ஒப்புக்கொண்ட அந்த மூளைதான், பின்னால் ஒரு வளைந்த கோடு "அ" என்ற ஒலியைக் குறிக்கும் என்பதையும், 5 என்ற குறி அஞ்சு மாங்காயைக் குறிக்கும் என்பதையும் ஒப்புக்கொள்ளப் போகிறது. ஆகவே எழுத்துக்கும் கணக்கிற்கும் விரோதமானது விளையாட்டு என்பது சுத்தத் தவறாகும். எழுத்துப் போய்ச் சேர வேண்டிய வழியே அது.

சிலர், "இல்லாததை இருப்பதாகப் பாவிக்கப் பழகினால் பிள்ளை பொய் பேசப் பழகாதா?" என்று கேட்கிறார்கள். மண்ணால் இட்டலி செய்து உங்களிடம் நீட்டுகிற குழந்தை, நீங்கள் உண்மையாகவே அதை வாயில் போடப் போனால் "ஐயய்யோ, அது மண்ணு!" என்று கையைப் பிடித்துக் கொள்ளும். எது பாவனை, எது உண்மை என்று அதற்குத் தெரியாமலில்லை.

நிற்க, இதைப் பற்றி ஆராய்ந்தவர்கள் என்ன சொல்லியிருக்கிறார்கள் என்றும் பார்ப்போம். ருஷ்ய நாட்டு அறிஞர் வைகாட்ஸ்கி 1933-ல் விளையாட்டைப் பற்றி ஒரு சொற்பொழிவு செய்தார். அவர் கருத்தின் சாரம் இது: விளையாட்டு என்பது மனம்போன போக்கு அல்ல, அது கட்டுப்பாடு. மிட்டாயை விஷம் என்று வைத்துக்கொண்டு விளையாடும் பிள்ளை அந்த மிட்டாயைத் தின்பதில்லை. அக்காளும் தங்கையும் "அக்கா தங்கை விளையாட்டு" விளையாடினால், வீட்டில் சண்டை போடுகிற அதே இருவரும் அக்காள் தங்கை எப்படி இருக்க வேண்டுமோ அப்படி நடந்து கொள்கிறார்கள். பிரம்பு எடுக்காமல், பயமுறுத்தாமல், தன் ஆசையைத் தானே அடக்கிக் கொள்ளக் குழந்தை இங்கே பழகுகிறது.

1968-ல் இஸ்ரேல் நாட்டில் சாரா ஸ்மிலான்ஸ்கி என்னும் அம்மையார் தம் ஆராய்ச்சியை வெளியிட்டார். வறுமைப்பட்ட குடும்பத்துப் பிள்ளைகளிடம் கூடி ஆடும் வேஷ விளையாட்டு குறைவாயிருந்ததையும், பெரியவர்கள் கூட இருந்து எடுத்துக் கொடுத்தபோது விளையாட்டும் வளர்ந்து பேச்சும் வளர்ந்ததையும் அவர் காட்டினார். 2017-ல் அமெரிக்க ஆராய்ச்சியாளர் சிலர் 4 வயது, 6 வயதுப் பிள்ளைகளுக்குச் சலிப்பூட்டும் ஒரு வேலையைக் கொடுத்து, பக்கத்தில் மனதை இழுக்கும் விளையாட்டையும் வைத்தார்கள். "நான் பேட்மேன்" என்பது போல ஒரு வீரராகத் தன்னைப் பாவித்துக் கொண்ட பிள்ளைகள், மற்றப் பிள்ளைகளை விட அதிக நேரம் வேலையில் நின்றார்கள்.

ஆனால் தோழர்களே! பகுத்தறிவு பேசுகிற நாம் ஒரு பக்கத்துச் சாட்சியை மட்டும் கூப்பிடக் கூடாது. 2013-ல் ஏஞ்சலின் லில்லார்டு என்னும் அறிஞரும் அவரது கூட்டாளிகளும் அதுவரை நடந்த ஆராய்ச்சிகளையெல்லாம் கூட்டி வைத்துப் பரிசோதித்தார்கள். பாவனை விளையாட்டு ஒன்றேதான் குழந்தையின் அறிவுக்கும் கற்பனைக்கும் காரணம் என்று சாதிக்கப் போதிய ஆதாரமில்லை; வளர்ச்சிக்குள்ள பல வழிகளில் அதுவும் ஒரு வழியாக இருக்கலாம் என்பதே அவர்கள் கண்ட முடிவு. 1939-ல் இந்தியாவுக்கு வந்து சென்னை அடையாறில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்த மாண்டிசோரி அம்மையாரும், பொய்ச் சட்டியில் பொய்ச் சோறு ஆக்குவதை விட, சிறு துடைப்பம் கொடுத்து மெய்யாகவே கூட்டச் செய்வதையே பெரிதாக மதித்தவர். ஆகவே, "எங்கள் பொம்மையை வாங்கினால் பிள்ளை மேதையாகும்" என்று எவராவது சொன்னால் நம்பாதீர்கள். ஜோசியக்காரன் பேச்சை நம்ப மறுக்கிற நாம் பொம்மைக் கடைக்காரன் பேச்சை மட்டும் நம்பலாமா?

அப்படியானால் நாம் எதற்காக இதை இவ்வளவு பெரிதாக எடுத்துப் பேசுகிறோம் என்றால், அறிவைப் பற்றி மட்டுமல்ல. மனிதத் தன்மையைப் பற்றியே நமது கவலை.

வேஷ விளையாட்டில் பிள்ளைகள் பேசும் பேச்சைக் காது கொடுத்துக் கேளுங்கள். எலைன் ஆண்டர்சன் என்னும் அமெரிக்க அம்மையார் 1990-ல் இதைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். பிள்ளைகளின் கையில் பொம்மைகளைக் கொடுத்து, அப்பா, அம்மா, குழந்தை என்றும், டாக்டர், நர்சு, நோயாளி என்றும் பேசச் செய்தார். அப்பாவாகப் பேசும்போது உத்தரவாகவும், அம்மாவாகப் பேசும்போது நயமாகவும் பேச அந்தச் சிறு பிள்ளைகளுக்குத் தெரிந்திருந்தது. அந்த நாட்டுப் பாஷையில் "நீ" என்பதற்கும் "நீங்கள்" என்பதற்கும் பேதமில்லை. நமது பாஷையிலோ "வா" உண்டு, "வாங்க" உண்டு, "வாடா" உண்டு, "வாடி" உண்டு. நம் பிள்ளை எந்த வேஷத்துக்கு எந்தச் சொல்லைப் போடுகிறது என்று கவனியுங்கள். முதலாளி வேஷக்காரன் "டேய்" என்கிறான். கூலிக்கார வேஷக்காரன் "சரிங்கய்யா" என்கிறான். புருஷன் வேஷக்காரன் நாற்காலியில் உட்கார்ந்து "காப்பி கொண்டாடி" என்கிறான். வேலைக்காரி வேஷம் போட்ட பெண் யாரும் சொல்லாமலே தரையில் உட்காருகிறாள். வேலைக்காரிக்குத் தனி டம்ளர் வைத்திருக்கிற வீட்டுப் பிள்ளை விளையாட்டிலும் தனிச் சொப்பு வைக்கும். இதை எந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தது? எந்தப் புத்தகத்தில் இருக்கிறது? நாம் நடந்து காட்டியதை அது நமக்கே நடித்துக் காட்டுகிறது, அவ்வளவுதான்.

அன்றியும், இந்த வேஷங்களை யாருக்கு யார் கொடுக்கிறார்கள் என்பதையும் பாருங்கள். பெண் குழந்தை என்றால் சொப்புச் சட்டி, ஆண் குழந்தை என்றால் கார், துப்பாக்கி என்று கடையிலேயே பிரித்து வைத்து விட்டார்கள். இது கடைக்காரன் புதிதாகக் கண்டுபிடித்ததுமல்ல. நமது பிள்ளைத்தமிழ் இலக்கியத்தைப் பாருங்கள். சிறுமிகள் மணலில் சிற்றில் கட்டுவார்கள். சிறுவன் வந்து அதைக் காலால் சிதைப்பான். "சிதைக்காதே" என்று அவர்கள் கெஞ்சுவார்கள். அதற்கென்று ஒரு பருவமே வகுத்து வைத்தார்கள். கட்டுவது ஒருவர் வேலை, இடிப்பது மற்றொருவர் உரிமை என்று தொட்டில் பருவத்திலேயே பாட்டாகப் பாடியாயிற்று!

இதை விடக் கொடுமை ஒன்றுண்டு. பத்துப் பிள்ளைகள் சேர்ந்து ஆடும்போது சிவப்பாயிருக்கிற பெண் எப்போதும் ராணி. கறுப்பாயிருக்கிற பெண் எப்போதும் வேலைக்காரி. நல்ல சட்டை போட்டவன் எப்போதும் டாக்டர்; கிழிந்த சட்டைக்காரன் எப்போதும் வாசலில் நிற்கும் காவல்காரன். ஒரு நாள் வேலைக்காரியாக இருப்பதில் ஒரு குறைவுமில்லை. எல்லா வேலையும் வேலைதான். ஆனால் தினந்தோறும் அவளே வேலைக்காரி என்றால், அது விளையாட்டல்ல. பிற்காலத்திற்குச் செய்யும் பழக்கம். அமெரிக்காவில் 1940-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கென்னத் கிளார்க், மாமி கிளார்க் என்ற நீக்ரோ இனத்துத் தம்பதிகள் சிறு பிள்ளைகளின் முன் வெள்ளைப் பொம்மையையும் பழுப்புப் பொம்மையையும் வைத்து எது நல்ல பொம்மை என்று கேட்டார்கள். கறுப்பினப் பிள்ளைகளிலேயே பெரும்பாலோர் வெள்ளைப் பொம்மையைக் காட்டினார்கள். இன வாரியாகப் பள்ளிக்கூடங்களைப் பிரித்து வைப்பது சட்ட விரோதம் என்று 1954-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னபோது இந்த ஆராய்ச்சியும் எடுத்துக் காட்டப்பட்டது. ஒரு பொம்மை என்ன செய்துவிடும் என்று இனி யாரும் கேட்க வேண்டாம்.

இவ்வளவையும் சொல்வதால் வேஷ விளையாட்டையே நிறுத்திவிட வேண்டும் என்று எண்ணிவிடாதீர்கள். நோயைக் காட்டுகிற அதே இடத்தில்தான் மருந்தும் இருக்கிறது. வேஷம் என்றால் என்ன? போட்டுக் கொள்ளவும் கழற்றவும் கூடியது. இன்று நோயாளி, நாளைக்கு டாக்டர். இன்று மாணாக்கன், நாளைக்கு வாத்தியார். இப்படி எல்லா இடத்திலும் மாறி மாறி நின்று பார்த்த பிள்ளைக்கு, உயர்வும் தாழ்வும் உடம்போடு பிறந்தவையல்ல, நாம் வைத்துக் கொண்டவையே என்பது சொல்லாமலே விளங்கும். ஆட்டம் முடிந்ததும் ராஜா காகிதக் கிரீடத்தைக் கழற்றி எறிந்துவிட்டுக் கூலிக்காரனோடு கை கோத்துக் கொண்டு சாப்பிடப் போகிறான். பெரியவர்களாகிய நாம் அல்லவா கிரீடத்தைக் கழற்ற மாட்டேன் என்கிறோம்! நம் சாதி வேஷத்தைத் தூங்கும்போதும் கழற்றுகிறோமா?

இந்த ஊர்ச் சரித்திரத்திலேயே ஒன்று சொல்லுகிறோம். 1873-ல் பொன்னுத்தம்பிப் பிள்ளை என்ற வழக்கறிஞர் ஐரோப்பியர் மாதிரி பூட்சு போட்டுக்கொண்டு புதுச்சேரி நீதிமன்றத்திற்குள் போனார். இந்தியன் ஒருவன் பூட்சுக் காலோடு வரலாமா என்று அது குற்றமாக்கப்பட்டது. அவர் விடவில்லை. பாரிசு நகரத்து உயர் நீதிமன்றம் வரை போய் ஜெயித்தார். பின்னால் லபோர்த் என்று பெயரும் வைத்துக் கொண்டார். அவர் பெயரால் இவ்வூரில் ஒரு வீதி இருக்கிறது. யோசித்துப் பாருங்கள்: அப்பாவின் பூட்சுக்குள் சின்னக் காலை நுழைத்து வீடு முழுவதும் டக்கு டக்கு என்று நடக்கிற குழந்தை செய்வதும் அதுதானே? "இந்தச் செருப்பு எனக்கு ஏன் ஆகாது?" என்றுதான் அதுவும் கேட்கிறது. வயது வந்த மனிதன் கேட்டபோது நீதிமன்றமே நடுங்கியது. ஆகவே குழந்தை கேட்கும்போது "கழற்றடா கழுதை" என்று அதட்டாதீர்கள்.

ஆண் பிள்ளை பொம்மைக்குத் தாலாட்டுப் பாடினால் "பொட்டைப் பயல்" என்று சொல்லுகிற பெரியவர்கள் இங்கே இருக்கிறார்கள். அவர்களை ஒன்று கேட்கிறோம். நமது சுற்றுவட்டாரத்துக் கிராமங்களில் தெருக்கூத்துப் பார்த்ததில்லையா? மீசையை மழித்துப் புடவை கட்டிக்கொண்டு ஓர் ஆண் பிள்ளை திரௌபதியாக வந்து அழும்போது ஊரே சேர்ந்து அழுகிறது. விடிந்ததும் அவரே ஏர் ஓட்டப் போகிறார். அவரை யாராவது கேவலமாகப் பேசினார்களா? 40 வயதுக்காரர் கட்டினால் கலை, 4 வயதுக்காரன் கட்டினால் இழிவு என்பது என்ன நியாயம்? பொம்மையைக் குளிப்பாட்டிப் பழகிய பையன் நாளைக்குத் தன் குழந்தையைக் குளிப்பாட்டக் கூச்சப்பட மாட்டான். அதனால் நஷ்டம் யாருக்கு?

அடுத்தவன் இடத்தில் நின்று பார்ப்பதே எல்லா நியாயத்திற்கும் வேர். இதே ஊரில் பிறந்து, இங்கே பல ஆண்டுகள் பள்ளி ஆசிரியராயிருந்த பாரதிதாசன் 1934-ல் "இரணியன் அல்லது இணையற்ற வீரன்" என்ற நாடகத்தில் என்ன செய்தார்? அசுரன் என்று தள்ளி வைக்கப்பட்டவன் பக்கத்தில் நின்று பழைய கதையைப் பார்க்கச் செய்தார். நம் குழந்தை நரி வேஷமும் ஆடு வேஷமும் மாறி மாறிப் போடும்போது அந்தப் பாடத்தைத்தான் படிக்கிறது.

இனி நமது பள்ளிக்கூடங்களின் யோக்கியதையைப் பார்ப்போம். அங்கன்வாடித் திட்டம் 1975 அக்டோபர் 2-ந் தேதி தொடங்கியது. 2020-ல் வந்த தேசியக் கல்விக் கொள்கையில் நாம் ஒப்பாத சங்கதிகள் எத்தனையோ இருக்கலாம். ஆனால் 3 வயது முதல் 8 வயது வரை விளையாட்டு வழியாகவே கற்பிக்க வேண்டும் என்று அதிலும் இருக்கிறது. 2022-ல் அந்தப் பருவத்துக்கென்று வெளியான பாடத்திட்ட வரைவும் அதையே சொல்லுகிறது. ஏட்டில் இப்படி இருக்க, நாட்டில் என்ன நடக்கிறது? 3 வயதுப் பிள்ளையின் கையில் பென்சிலைத் திணித்து 50 வரி எழுதச் சொல்லுகிறார்கள். குற்றம் பள்ளிக்கூடத்தார் மேல் மட்டுமல்ல. "பணம் கட்டுகிறேன், வீட்டுப் பாடம் எங்கே? பிள்ளையை விளையாட விட்டுப் பணம் பறிக்கிறீர்களே" என்று சண்டைக்குப் போகிறவர்கள் பெற்றோர்களே. அங்கன்வாடி அம்மாவையோ, சோறு போடவும் கணக்கு எழுதவுமே நேரம் போதாமல் செய்து விட்டு, குழந்தைகளோடு உட்கார்ந்து ஆடவில்லையே என்று குறை சொல்லுகிறோம்.

மாறுவேடப் போட்டி என்று ஒன்று வைக்கிறார்களே, அதுவும் வேஷ விளையாட்டுத்தானே என்பீர்கள். அல்லவே அல்ல. அதில் வேஷத்தைத் தீர்மானிப்பது தாய். உடையை வாடகைக்கு எடுப்பது தகப்பன். நாலு வரியை உருப்போடச் செய்வது டீச்சர். பரிசு கொடுப்பது விருந்தாளி. ஒட்டு மீசை அரித்து மேடையில் அழுவது மட்டும்தான் குழந்தையின் பங்கு! அது பெரியவர்கள் ஆடும் விளையாட்டு. குழந்தை அதில் பொம்மை.

ஆகவே நாம் சொல்லுவது இதுதான். இதற்குக் காசு வேண்டியதில்லை. வீட்டின் ஒரு மூலையில் பழைய புடவை, பழைய சட்டை, காலி டப்பா, கொட்டாங்கச்சி, அட்டைப் பெட்டி, உடைந்த போன் இவைகளைப் போட்டு வையுங்கள். காசு கொடுத்து வாங்கத்தான் வேண்டுமென்றால் நமது வில்லியனூர்க் குயவர் செய்யும் மண் சொப்பு வாங்குங்கள். ஆணுக்கு இது, பெண்ணுக்கு இது என்று பிரிக்காதீர்கள். தினம் அரை மணி, முக்கால் மணி நேரம் குறுக்கிடாமல் விடுங்கள். கூப்பிட்டால் நீங்களும் சேருங்கள். ஆனால் நோயாளியாகவும் மாணாக்கனாகவும் சேருங்கள். அங்கேயும் போய் எஜமானனாக உட்கார்ந்து விடாதீர்கள். ஒரே பிள்ளை எப்போதும் கீழ் வேஷம் போடுவதைக் கண்டால், பிரசங்கம் செய்யாமல், "இன்று இவள் டாக்டராக இருக்கட்டுமே" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போகும்போது, "எத்தனை பக்கம் எழுதுவான்?" என்று கேட்பதற்குப் பதிலாக, "எவ்வளவு நேரம் தன்னிஷ்டமாக விளையாடுவான்?" என்று கேளுங்கள். பிள்ளை பொம்மையை அடிப்பதைக் கண்டால் பிள்ளையை அடிக்கப் போகாதீர்கள். அந்த அடி எந்த வீட்டிலிருந்து வந்தது என்று யோசியுங்கள். 2020, 2021-ம் ஆண்டுகளில் கொரோனா வந்தபோது எத்தனை வீட்டில் பிள்ளைகள் பொம்மைக்கு முகக்கவசம் கட்டி ஊசி போட்டு விளையாடின! பயத்தையும் துக்கத்தையும் சொல்லச் சொல் இல்லாத பிள்ளை ஆடித்தான் காட்டும்.

தோழர்களே! நாம் சொன்னோம் என்பதற்காக எதையும் நம்பிவிட வேண்டாம். இன்று வீட்டுக்குப் போய், பிள்ளைகள் "அப்பா அம்மா விளையாட்டு" ஆடும்போது கதவோரம் நின்று சற்று நேரம் பாருங்கள். அப்பாவாக நடிக்கிற பிள்ளை எப்படிப் பேசுகிறது, அம்மாவாக நடிக்கிற பிள்ளை எப்போது உட்காருகிறது, வேலைக்காரருக்கு எந்தப் பாத்திரத்தில் சோறு போடப்படுகிறது என்று கவனியுங்கள். பார்த்து வெட்கப்படும்படி இருந்தால், திருத்த வேண்டியது விளையாட்டை அல்ல; வீட்டை.